ஆற்றுநீர் குடிநீராகுமா?

ஊரைவிட்டு வந்த நாள்முதல் நாம் நீரைத் தேடியே நடக்கிறோம். எமது சொந்தக் கிணற்றின் குணம் எமக்குத் தெரியும். வந்த இடத்து ஆற்றைத் தெரியாது. கண்ணுக்குத் தெளிவாய் இருந்தால் நல்ல நீர் என்று எண்ணிவிடுகிறோம். அந்த எண்ணம் சரிதானா என்று இப்பாடத்தில் பார்ப்போம்.

அருவியாற்றை எடுத்துக்கொள்வோம். மல்வத்து ஓயா என்ற பெயரோடு அநுராதபுர நகரைக் கடந்து, 164 கிலோமீற்றர் ஓடி, மன்னார்க் கடலில் விழுகிறது. தேக்கம் அணையில் திருப்பப்படும் அதன் நீர் கட்டுக்கரைக் குளத்தை நிரப்பி மன்னார் வயல்களை விளைவிக்கிறது. 2009இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாம்களில் இருந்தோருக்கும் இந்த ஆற்று நீரே சுத்திகரித்து வழங்கப்பட்டது.

ஏன் சுத்திகரிக்க வேண்டும்? வழிநெடுக மாடுகளும் மனிதரும் ஆற்றில் இறங்குகின்றனர். முதல் மழை கரையோரத்து மலத்தையும் சாணத்தையும் கழுவிக்கொண்டு வருகிறது. வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி ஆகியவற்றின் கிருமிகளும் அதனோடு வரலாம்.

இவற்றை ஒவ்வொன்றாய்த் தேடுவது கடினம். ஆகவே ஆய்வுகூடத்தில் ‘ஈ. கோலை’ என்ற பற்றீரியாவைத் தேடுகிறார்கள். அது மனிதரதும் மிருகங்களதும் குடலில் வாழ்வது. நீரில் அது காணப்பட்டால் மலம் கலந்துள்ளது என்பது பொருள். குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஒன்றுகூட இருத்தலாகாது. எஸ்.எல்.எஸ். 614 கட்டளையும் உலக சுகாதார நிறுவனமும் இதையே கூறுகின்றன. பச்சையாய் உண்ணும் மரக்கறிக்குப் பாய்ச்சும் நீரிலோ, குடலிலிருந்து வரும் இவ்வகைப் பற்றீரியாக்கள் 1000 வரை இருக்கலாம் என அந்நிறுவனம் 1989இல் வகுத்தது. ஆகவே தோட்டத்துக்கு உகந்த நீர் குடத்துக்கும் உகந்தது என்று கொள்ளக்கூடாது.

நாம் செய்யக்கூடியவை:

1. கலங்கல் நீரைப் பல மடிப்பாக மடித்த பருத்திச் சேலைத்துணியில் வடிப்போம். கலங்கலில் ஒளிந்திருக்கும் கிருமியைக் குளோரீன் எளிதில் கொல்லாது.

2. நன்றாகக் குமிழிவிட்டுக் கொதிக்கவைத்து, மூடியபடியே ஆறவிடுவோம். (பூச்சிமருந்தும் உரமும் கலந்திருந்தால் கொதிக்கவைப்பதால் அவை நீங்கா.)

3. விறகு இல்லாத நாளில், வடித்த தெளிந்த நீரை 2 லீற்றருக்கு மேற்படாத நிறமற்ற பிளாஸ்டிக் போத்தல்களில் நிரப்பி 6 மணித்தியாலம் முழு வெயிலில் கிடத்துவோம். முகில் மூடியிருந்தால் இரண்டு நாட்கள் வேண்டும்.

4. கொதித்தாறிய நீருக்குள் கையையோ கோப்பையையோ விடாமல், வாய் ஒடுங்கிய பாத்திரத்திலிருந்து ஊற்றிக் குடிப்போம்.

5. மலசலகூடக் குழியை நீர்நிலைக்கு 30 மீற்றராவது தள்ளி வெட்டுவோம். குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு 1.5 மீற்றராவது மேலே இருக்கட்டும்.

பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டால் உடனே ஜீவனி கரைத்துக் கொடுக்கத் தொடங்குவோம். பிள்ளை சோர்ந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோவோம்.

கலந்துரையாடுவதற்கு:

நாம் நீர் அள்ளும் இடத்துக்கு மேலே ஆற்றில் என்ன நடக்கிறது? குடிநீர்த்துறை மேலேயும், குளிக்கும் துறை அதற்குக் கீழேயும், மாடு இறங்கும் துறை கடைசியிலும் அமைய எமது குடியிருப்பில் என்ன செய்யலாம்? நீரைப் பரிசோதிக்கும்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகரை யார் போய்க் கேட்பது? எமக்கும் கீழே அதே நீரை அள்ளுவோர் இருக்கிறார்கள் என்பதையும் மனத்தில் வைத்துப் பேசுவோம்.