கூண்டு நாய்க்கு வேலை கொடுங்கள்

போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) நாய்க் காப்பகத்துக்கு உதவ வரும் பிள்ளைகளுக்கு:

1. பந்தை வாங்கிக்கொண்டு ஓடிவராதீர்கள். ஜங்லிகாட் மீன் சந்தைப் பக்கம் கழிவை மோந்து மோந்து வளர்ந்த நாய்க்குப் பந்து ஒரு பொருட்டே இல்லை. உருட்டிவிட்டால் அதைப் பார்க்கும், பிறகு உங்களைப் பார்க்கும். தெருவில் நாள் முழுக்க அதற்கு இரை தேடும் வேலை இருந்தது. கூண்டுக்குள் சோறு தட்டிலேயே வந்து, நொடியில் தீர்ந்தும் போகிறது. மீதிப் பொழுதில் கம்பியைக் கடிக்கும், ஒரே இடத்தைச் சுற்றும், தொண்டை கட்டும்வரை குரைக்கும். தொலைத்த அந்த வேலையைத் திருப்பித் தருவதுதான் நல்ல விளையாட்டுப் பொருள்.

2. அதற்குக் காசு அதிகம் வேண்டாம். பிசின் டேப்பும் ஸ்டேபிள் பின்னும் நீக்கிய அட்டைப்பெட்டிக்குள் கசக்கிய காகிதம், அதற்குள் முள் நீக்கிய அவித்த மீன். பழைய துண்டில் சோற்று உருண்டைகளை வைத்துச் சுருட்டலாம். பிவிசி குழாயில் துளையிட்டு, விளிம்பைத் தேய்த்து, இரு முனையையும் மூடி, உள்ளே உலர் தீனி போட்டால் உருட்டி உருட்டி எடுக்கும். உள்ளே தீனி அடைக்கும் ‘காங்’ ரப்பர் பொம்மை, 1970களில் அமெரிக்கர் ஜோ மார்க்கம் தன் நாய் வேனின் ரப்பர் பாகமொன்றை விரும்பிக் கடித்ததைக் கண்டு உருவாக்கியது. நல்ல பொருள்தான். ஆனால் சென்னையிலிருந்து கப்பலேறி இங்கே வந்துசேரும்போது விலை கடிக்கும்.

3. தீவில் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது தேங்காய். கவனம். மட்டை நாரை விழுங்கினால் குடல் அடைபடும். கொட்டாங்கச்சி உடைந்தால் வாயைக் கிழிக்கும். பக்கத்தில் நின்று கொடுங்கள், நார் பிரியத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். படகுக் கயிறும் வலைத் துண்டும் கூடவே கூடாது. நைலான் இழை உள்ளே போனால் குடலைச் சுருக்குப்பை போல இழுத்துவிடும். வலைத் துண்டில் தூண்டில் முள் ஒளிந்திருப்பதும் உண்டு.

4. சமைத்த எலும்பு, வெங்காயம், திராட்சை, சாக்லேட்: எதிலும் அடைக்காதீர்கள்.

5. இந்த ஊரில் முக்கியமானது இதுதான். வெறிநாய்க்கடி நோய் இல்லாத தீவுகள் என்று நமக்குப் பெயர். எலிக்காய்ச்சலில் பெயர் நேர்மாறு. 1988 முதல் ‘அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்று மக்களை மிரட்டிய நோய் எலிக்காய்ச்சலே என்று 1993-ல்தான் உறுதியானது. தீனி ஒட்டிய பொம்மையை இரவில் கூண்டிலேயே விட்டால் எலி வரும், அதன் மூத்திரம் படும். நாய்க்கும் எலிக்காய்ச்சல் வரும், மறுநாள் வெறுங்கையால் எடுக்கும் உங்களுக்கும் வரும். கையில் புண்ணிருந்தால் உறை இல்லாமல் தொடவே வேண்டாம். பொழுது சாயும்முன் பொறுக்கி, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து அலசுங்கள். பினாயிலை நம்பாதீர்கள், நாய்களைத் தாக்கும் பார்வோ வைரஸ் அதற்கு மசியாது. மழை மாதங்களில் துணி காயாது. அப்போது ரப்பரும் குழாயும் போதும்.

6. நாலு நாய்க்கு நடுவில் ஒரே பொம்மையைப் போடுவது சண்டைக்கு அழைப்பு. தனித்தனியாகக் கொடுங்கள்.

7. ஒரே பொருள் சீக்கிரம் சலிக்கும். மாற்றி மாற்றிக் கொடுங்கள், வாசனையையும் மாற்றுங்கள். காதுக்கும் கொஞ்சம் கொடுக்கலாம். பெல்ஃபாஸ்டில் டெபோரா வெல்ஸ் குழு 2002-ல் வெளியிட்ட ஆய்வில், மேற்கத்திய செவ்விசை கேட்ட காப்பக நாய்கள் அமைதியாகப் படுத்திருந்தன. ஹெவி மெட்டல் கேட்டவை கூடுதலாகக் குரைத்தன. இளையராஜாவை வைத்து யாராவது சோதித்தால் தேவலை.

8. மூலையில் ஒடுங்கும் நாயிடம் பொம்மையை நீட்டாதீர்கள். பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, தீனியைத் தரையில் தூவிவிட்டு எழுந்து போங்கள். நீங்கள் போன பிறகு தின்றால் அதுவே பெரிய முன்னேற்றம்.

9. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையங்களில் பிடித்த நாய்களை அதே இடத்தில் திரும்ப விடக்கூடாது என்று 2025 நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படி வரும் நாய்க்குக் காப்பகமே ஆயுள் வீடாகிவிடலாம். ஆகவே ஒவ்வொரு நாய்க்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: எதைத் தொட்டது, எதைச் சீண்டவில்லை, எதைத் துண்டு துண்டாக விழுங்கப் பார்த்தது. அடுத்த முறை வருகிறவர் கூண்டைத் திறக்கும்முன் அதைப் படிக்கட்டும்.