லூப்பஸ்: எமது பெண்கள் அறிந்திருக்க வேண்டிய நோய்

வேலியே பயிரை மேய்ந்த கதைதான் லூப்பஸ். உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புத் தொகுதி உடலையே தாக்குகிறது. மூட்டு, தோல், இரத்தம், நுரையீரல், சிறுநீரகம் என எதுவும் பாதிக்கப்படலாம். இது தொற்றுநோய் அல்ல. நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குள் தொடங்குகிறது.

யாருக்கு அதிகம்?

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் நடத்தப்பட்டு 1995இல் வெளியான ஆய்வின்படி, ஒரு இலட்சம் வெள்ளையினப் பெண்களில் சுமார் 36 பேருக்கு இந்நோய் இருந்தது. ஆசியப் பெண்களில் அது சுமார் 90. கரீபியன் வழிவந்த கறுப்பினப் பெண்களில் 200க்கும் மேல். சிறுநீரகப் பாதிப்பும் வெள்ளையரை விட இவ்விரு பிரிவினரிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது.

பரம்பரை மட்டுமா காரணம்? இல்லை. அமெரிக்காவின் லூமினா ஆய்வுக் குழுவினர் 2007இல் வெளியிட்ட முடிவு இது: லூப்பஸ் நோயாளிகளின் இறப்பில் இனங்களுக்கிடையே தெரிந்த வேறுபாட்டுக்குக் காரணம் இனமல்ல, வறுமை.

எமது அனுபவம்

மூட்டுவலி, களைப்பு என்று ஒரு சகோதரி எம்மிடம் வந்தார். காலையில் துப்புரவு வேலை, மாலையில் கடை வேலை. பாடசாலை செல்லும் மகன்தான் மொழிபெயர்த்தான். வேலைப்பளு என்று எண்ணி இருமுறை வலிமாத்திரை கொடுத்து அனுப்பினோம். முடி கொட்டுவதையும், சிறுநீர் நுரையாகப் போவதையும் மகன் முன்னால் சொல்ல அவர் கூச்சப்பட்டார். மூன்றாம் முறை மொழிபெயர்ப்பாளரை அழைத்த பிறகே உண்மை தெரிந்தது. அதற்குள் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. முதல் நாளே சிறுநீரைப் பரிசோதித்திருக்க வேண்டியவர்கள் நாம்.

கவனிக்க வேண்டியவை

- வாரக்கணக்கில் நீடிக்கும் மூட்டுவலி, களைப்பு, காய்ச்சல்
- வெயில் பட்டால் தோன்றும் தழும்பு. எமது நிறத்தில் இது சிவப்பாகத் தெரியாமல் இருக்கலாம். கருமையாகவோ ஊதாவாகவோ தெரியலாம்
- வாய்ப்புண், முடி உதிர்தல்
- கால் வீக்கம், நுரைத்த சிறுநீர்

இவற்றில் சில சேர்ந்து இருந்தால் இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளைக் கேளுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க விடாதீர்கள். பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவை மொழிபெயர்ப்பாளரை இலவசமாகவே ஒழுங்கு செய்யும். மற்ற நாடுகளில் உள்ளவர்கள் வைத்தியரிடம் விசாரியுங்கள்.

லூப்பஸை முற்றாக நீக்க முடியாது, ஆனால் கட்டுப்படுத்தலாம். ஹைட்ரொக்சிகுளோரோகுயின் மாத்திரையே அடிப்படை மருந்து. சுகம் வந்துவிட்டது என்றோ, கர்ப்பம் தரித்துவிட்டது என்றோ வைத்தியரைக் கேளாமல் அதை நிறுத்தக்கூடாது. கண் பரிசோதனையையும் தவறவிடக்கூடாது.

குடும்பத்துக்காக ஓடும் எமது பெண்கள் தமது வலியைக் கடைசியாகவே சொல்கிறார்கள். வீட்டில் உள்ளவர்கள் அதை முதலில் கேளுங்கள்.