கால் ஊன்றாத பறவை

அன்புள்ள தம்பிக்கு,

நாமக்கல் கோழிப் பண்ணை வேலையை விட்டுவிட்டு ஊருக்குள் சொந்தமாகக் கிளினிக் போட்டிருக்கிறாய் என்று அறிந்து மகிழ்ச்சி. நாய், பூனை பார்க்கத் தெருவுக்கொரு டாக்டர் உண்டு. பறவை பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலுமாக நீட்டிக்கொண்டு கூண்டுத் தரையில் கிடக்கிற பட்ஜிக் கிளிக்கு என்ன மருந்து கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கோலத்தைப் பார்த்ததும் உனக்கு மாரெக்ஸ் நோய்தான் ஞாபகம் வந்திருக்கும். கோழி பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். பண்ணையில் நொண்டுகிற கோழியைக் கழித்துவிட்டு, மிச்சத்தைக் காப்பாற்றத் தடுப்பூசி அட்டவணையைப் பார்ப்போம். உன் மேஜைக்கு வருவது முப்பது, நாற்பது கிராம் எடையுள்ள ஒற்றைப் பறவை. அதற்குப் பெயர் வைத்திருப்பார்கள், வீட்டுப் பிள்ளை பின்னால் அழுதுகொண்டு நிற்கும். இங்கே கழிக்கிற பேச்சுக்கே இடமில்லை.

போனில் கேட்கும்போதே, கூண்டோடு கொண்டு வரச் சொல்லிவிடு. கழுவித் துடைத்து வேண்டாம், இருக்கிறபடியே வரட்டும். கூண்டு பெரிதென்றால் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்து வரட்டும். கால் நோய்க்குப் பாதிக் காரணம் அந்தக் கூண்டில் இருக்கும். மீதிப் பாதி வயிற்றுக்குள் இருக்கும். காலில் இருப்பது குறைவுதான்.

பறவையை உடனே கையில் எடுக்காதே. கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார். எந்தக் கால் விரல் குச்சியைப் பிடிக்கிறது, எது பிடிக்காமல் நழுவுகிறது, அலகால் கம்பியைக் கவ்வி ஏறப் பார்க்கிறதா, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுகிறதா என்பதெல்லாம் எடுத்த பிறகு தெரியாது. பயத்தில் எல்லாவற்றையும் மறைத்துவிடும். பிடிக்கும்போது தலையை இரண்டு விரலுக்கு நடுவில் வை, நெஞ்சை அமுக்காதே. பறவைக்கு உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. கையை இறுக்கினால் உன் கையிலேயே போய்விடும். அடுத்தது எடை. நகைக்கடைத் தராசு மாதிரி கிராம் காட்டுகிற சின்ன மெஷின் ஒன்று வாங்கி வை. ஸ்டெதஸ்கோப்பைவிட அது உனக்கு அதிகம் உதவும்.

பட்ஜிக்கு வயதாகி, அடிபட்ட தடயமே இல்லாமல் ஒரு கால் மட்டும் தொய்ந்துபோனால் சிறுநீரகத்தை நினை. காலுக்குப் போகிற நரம்பு பறவைகளுக்குச் சிறுநீரகத்தின் ஊடாகத்தான் போகிறது. சிறுநீரகத்திலோ விதைப்பையிலோ கட்டி வளர்ந்தால் முதலில் அமுங்குவது அந்த நரம்பு. ஆண் பட்ஜிக்கு மூக்குத் துளையைச் சுற்றி நீலமாக இருக்க வேண்டிய தோல் பழுப்பாக மாறியிருந்தால் விதைப்பைக் கட்டியென்று சந்தேகப்படு. பி காம்ப்ளெக்ஸ் சொட்டு எழுதிக் கொடுத்து அனுப்பாதே. அது உன் மனசுக்குச் செய்கிற வைத்தியம்.

பெண் பறவை, இரண்டு காலும் தளர்ந்து, வயிறு உப்பி, வால் ஆடினால் முட்டை சிக்கியிருக்கலாம். கதகதப்பு, ஈரப்பதம், கால்சியம், இந்த மூன்றுக்குப் பிறகுதான் மற்றதெல்லாம். கையால் அமுக்கி வெளியே தள்ளப் பார்க்காதே. உள்ளே உடைந்தால் உயிருக்கு ஆபத்து. அந்த வீட்டுக் கூண்டில் கால்சியத்துக்காகக் கடல் நுரை தொங்குகிறதா என்று கேள். நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும், கணவாய் மீனின் ஓடுதான் அது. கூண்டுக் கம்பியின் துத்தநாகப் பூச்சு உதிர்ந்து, அதைப் பறவை கொறித்துக்கொண்டிருந்தால், நஞ்சேறியும் கால் தளரும். அலகிலும் காலிலும் சுண்ணாம்பு அப்பியது மாதிரி செதில் படிந்திருந்தால் சிலந்திப்பேன்; அது எளிது. காலில் வளையம் இருந்தால் அதற்குக் கீழே வீங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடு.

குஞ்சுகள் விஷயம்தான் மனசை அறுக்கும். நம் ஊரில் பட்ஜிக்கு முட்டையிட மண்பானை கட்டிவிடுகிறார்கள். பானையில் தப்பில்லை. அதன் வழுவழுப்பான அடிப்பகுதியில் ஒன்றுமே போடாமல் விடுகிறார்கள், அதுதான் தப்பு. பட்ஜி தானாகக் கூட்டுக்குள் எதையும் கொண்டுவந்து பரப்பாது. குஞ்சுக்குக் கால் ஊன்றப் பிடிமானம் இல்லை, மேலே தாயின் பாரம் வேறு. எலும்பு இளசாக இருப்பதால் இரண்டு காலும் பக்கத்துக்கொன்றாய் விரிந்து, தவளை நீந்துகிற கோலத்தில் நின்றுவிடும். இரண்டு மூன்று வாரத்துக்குள் கொண்டு வந்தால் பெரும்பாலும் நிமிர்த்திவிடலாம். மைக்ரோபோர் டேப்பால் இரண்டு காலையும் இயல்பாக நிற்கிற இடைவெளியில் சேர்த்துக் கட்டு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவிழ்த்துப் பார்த்து மறுபடி கட்ட வேண்டும். குஞ்சு வளர்கிற வேகத்துக்கு முந்தாநாள் கட்டு இன்று இறுகிவிடும். இறகு முளைத்துக் கூட்டை விட்டு வெளியே வந்த பிறகு கொண்டு வந்தால் உன்னாலும் முடியாது, என்னாலும் முடியாது. ஆகவே, குஞ்சோடு வருகிறவரிடம் மற்றப் பானைகளில் மரத்தூள் போடச் சொல்லி அனுப்பு.

எல்லோரும் நொண்டும் காலையே பார்ப்பார்கள். நீ நல்ல காலைத் திருப்பி உள்ளங்காலைப் பார். முழுப் பாரமும் அதன்மேல் விழுவதால் அங்கேதான் புண் வரும். முதலில் உள்ளங்காலின் சொரசொரப்பு மறைந்து, இளஞ்சிவப்பாக மினுமினுக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும். அந்தக் கட்டத்தில் குச்சியை மாற்றினாலே போதும். கறுப்பாய்ப் பொருக்கு கட்டிய பிறகு மாதக்கணக்கில் இழுக்கும். கடையில் கூண்டோடு வருகிற பிளாஸ்டிக் குச்சி முழுக்க ஒரே பருமன், ஒரே வழுவழுப்பு. அதை எடுத்துப் போட்டுவிட்டு, வேம்போ கொய்யாவோ பட்டையோடு, தடித்ததும் மெலிந்ததுமாக வெட்டிக் கட்டச் சொல். வெறும் தினை தின்று வளர்ந்த பறவைக்கு வைட்டமின் ஏ குறைந்து தோல் சீக்கிரம் கெடும். முருங்கைக்கீரையும் துருவிய காரட்டும் பழக்கச் சொல்.

மருந்துச் சீட்டில் கூண்டையும் எழுது. உயரமான கூண்டு வேண்டாம், அகலமானது போதும். கம்பி படுக்கைவாட்டில் இருந்தால் அலகால் பிடித்து நகரும். குச்சியைத் தரையை ஒட்டிக் கட்ட வேண்டும். பக்கத்தில் ஒரு தட்டைப் பலகை, ஏறிப்போகச் சரிவாக இன்னொன்று. தரையில் நூல் பிரியாத துணி, அதன்மேல் தினமும் மாற்றுகிற காகிதம். தீனியும் தண்ணீரும் கிடந்தபடியே எட்டுகிற ஆழமில்லாத கிண்ணத்தில். கிடக்கிற பறவைக்குப் பின்பக்க இறகில் எச்சம் அப்பிக் காயும், வெந்நீர்த் துணியால் துடைத்துவிட வேண்டும். எறும்பை மறந்துவிடாதே. நகர முடியாத பறவையை எறும்பு மொய்த்தால் காலையில் உயிர் இருக்காது. கூண்டின் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கச் சொல். மழைக்காலத்தில் சூட்டுக்கு பல்பு போடச் சொன்னால் எல்.இ.டி. போட்டுவிட்டு வருவார்கள், அதில் சூடு ஏது? பழைய குண்டு பல்பைத் தேடி, கூண்டுக்கு வெளியே ஒரு ஓரமாக வைக்கட்டும். சூடு அதிகமானால் பறவை மறுபக்கம் நகர இடம் வேண்டும்.

வலிக்கு மெலாக்சிகாம், அளவு பார்த்து. வீட்டில் இருக்கிற மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தார்களா என்று கட்டாயம் கேள். அது டைக்ளோஃபெனாக்காக இருக்கலாம். அந்த மருந்து ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்று, சிறுநீரகம் கெட்டுத்தான் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள்.

கிடந்தபடியே தின்று, கத்தி, கம்பியைக் கவ்வி நகர்கிற பறவையை, நிற்க முடியவில்லை என்பதற்காக மட்டும் ஊசி போட்டு முடித்துவிடச் சொன்னால் சம்மதிக்காதே. தீனி நின்று, எடை நாளுக்கு நாள் இறங்கி, வலி மருந்துக்கும் அடங்காமல் இறகை உப்பிக்கொண்டு கிடந்தால் நீயே முந்திச் சொல்லிவிடு. அவர்களாகக் கேட்கட்டும் என்று காத்திருக்காதே, அவர்களுக்கு வாய் வராது.

உன் பட்ஜி ஆணா பெண்ணா, வயதென்ன, இன்றைய எடை என்ன, எதையுமே நீ எழுதவில்லை. மூன்றையும் கூண்டின் படத்தோடு அனுப்பு. மருந்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்