ஒன்பது பேர் வந்தால் எப்படி அணி பிரிப்பது?

மட்டக்களப்பில் சிறுவர் உதைபந்தாட்டப் பயிற்சிக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பது பயிற்றுநரின் கையில் இல்லை. சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் ரியூசன் வகுப்பு பாதிப் பேரை இழுத்துக்கொள்ளும். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு. ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் நோன்பு மாதம் பயிற்சி நேரத்தையே மாற்றிவிடும். வெள்ளாமை வெட்டுக் காலத்தில் வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பிள்ளைகள் சிலர் வயலில் நிற்பார்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் வாவியைக் கடப்பது எவ்வளவோ இலகுவாகிவிட்டது. ஆனால் மாரியில் வெள்ளம் வந்தால் உள்ளூர் வீதிகள் பழையபடிதான். பதினாறு பேரை எதிர்பார்த்த மாலையில் ஒன்பது பேர் வந்து நிற்பது இங்கே வழமை.

அப்போது பல இடங்களில் நடப்பது ஒன்றுதான்: நாலுக்கு நாலு பிரித்து, மிஞ்சிய பிள்ளையைக் கோட்டுக்கு வெளியே உட்காரவைப்பது. உள்ள வழிகளில் இதுதான் மோசமானது. பெரும்பாலும் வயதில் சின்னவனோ, ஆட்டத்தில் பின்தங்கியவளோதான் அப்படி வெளியே போவது வழக்கம். பந்து அதிகம் தேவைப்படுகிற பிள்ளைக்கே பந்து கிடைக்காமல் போகிறது.

நன்றாகத் தெரிந்த மாற்று, மிஞ்சியவரை இரு பக்கத்துக்கும் பொதுவாக விடுவது. பந்து எந்த அணியிடம் இருக்கிறதோ அந்த அணிக்காக அவர் ஆடுவார். தாக்கும் அணிக்கு எப்போதும் ஐந்து பேர், தடுக்கும் அணிக்கு நாலு பேர். பந்தை இழக்காமல் கைமாற்றப் பழக்கும் நாளுக்கு இது பொருத்தம். குறை என்னவென்றால், பொதுவாக நிற்பவர் தடுத்தாடவே மாட்டார். கெட்டிக்காரனை விட்டால் எல்லாப் பந்தும் அவன் காலுக்கே போகும். கூச்சமுள்ள பிள்ளையை விட்டால் யாரும் பந்து கொடுக்கமாட்டார்கள். மூன்று நாலு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றினால்தான் இந்த முறை உருப்படும்.

அதைவிடப் பயனுள்ளது, ஐந்துக்கு நாலு என்று சமமில்லாமலே பிரித்துவிடுவது. பிள்ளைகள் முதலில் முணுமுணுப்பார்கள். ஆனால் உண்மையான ஆட்டம் முழுவதும் சமமில்லாத சின்னச் சண்டைகளால் ஆனது: ஓரத்தில் இரண்டுக்கு ஒன்று, நடுவில் மூன்றுக்கு இரண்டு. 2006 உலகக் கிண்ணத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக 50ஆவது நிமிடத்தில் மாற்றராசி வெளியேற்றப்பட்ட பிறகு இத்தாலி பத்துப் பேருடன் தாக்குப்பிடித்து, கடைசி நேரத்தில் தொத்தியின் பெனால்ட்டியால் 1–0 என்று வென்றது. ஆள் குறைந்தால் எங்கே சுருங்கி நிற்பது, எப்போது பாய்வது என்பதைப் பிள்ளைகள் கேட்டுப் படிப்பதைவிட ஆடித்தான் படிப்பார்கள். ஆட்ட விதியாலும் சமப்படுத்தலாம். நாலு பேர் அடிக்கும் கோலுக்கு இரண்டு புள்ளி கொடுக்கலாம். அல்லது ஐந்து பேர் அணிக்கு ஆளுக்கு இரண்டு தொடுகைதான் என்று வரையறுக்கலாம். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் எதற்காக ஆடுகிறோம் என்பதே பிள்ளைகளுக்குக் குழம்பிவிடும்.

கிராமத்து மைதானங்களில் இந்த முறைக்கு இன்னொரு பெரிய பயன் இருக்கிறது. அங்கே பத்து வயதுப் பிள்ளையும் பதினைந்து வயதுப் பிள்ளையும் ஒரே பயிற்சிக்கு வருவார்கள். பெரியவர்கள் மூன்று பேரை ஒரு பக்கமும் சின்னவர்கள் ஐந்து பேரை மறுபக்கமும் நிறுத்தினால் எண்ணிக்கை கோணலாகும், ஆட்டம் நேராகும். வெளிநாடுகளும் இதை விதியாகவே வைத்திருக்கின்றன. இங்கிலாந்தின் பல சிறுவர் லீக்குகளில் நாலு கோல் பின்தங்கிய அணி கூடுதலாக ஒருவரை இறக்கலாம்.

பதினொரு பேர் வந்தால்? நாலு, நாலு, மூன்று என்று மூன்று அணி. இரண்டு அணி ஆட, மூன்றாவது அணி கோட்டோரம் நின்று, வரும் பந்தை ஒரே தொடுகையில் திருப்பிக் கொடுக்கவேண்டும். சும்மா நிற்க யாருக்கும் நேரமிராது. வென்ற அணி உள்ளேயே இருக்கட்டும் என்ற தெரு வழக்கத்தை மட்டும் இங்கே விடவேண்டும். வல்லவர்கள் முழு நேரமும் ஆடுவார்கள், மற்றவர்கள் காத்தே களைப்பார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்து மாற்றுவதே நியாயம்.

பதின்மூன்று பேரை ஒரே ஆட்டத்தில் அடைப்பது வீண். ஒரு பக்கம் மூன்றுக்கு மூன்று, மறுபக்கம் நாலுக்கு மூன்று என்று இரண்டு சின்ன ஆட்டம் வைக்கலாம். நெதர்லாந்து உதைபந்தாட்டச் சம்மேளனம் 1980களிலேயே நாலுக்கு நாலைச் சிறுவர் பயிற்சியின் மையமாக்கியது. ஜேர்மனியப் பயிற்றுநர் ஹோர்ஸ்ட் வைன் மூன்றுக்கு மூன்று, நாலு சின்னக் கோல் என்ற வடிவத்தைப் பரப்பினார். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: ஆள் குறையக் குறைய ஒவ்வொரு பிள்ளையின் காலுக்கும் பந்து அடிக்கடி வரும். புனித மிக்கேல் கல்லூரியில் தலைமுறை தலைமுறையாக வீரர்களை வளர்த்த அமெரிக்க இயேசு சபைத் துறவி வெபரின் பெயர் தாங்கிய நகரத்து மைதானம் கிடைத்தாலும், ஒரு சின்ன ஆட்டத்துக்கு 30 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் போதும். கோலுக்கு இரண்டு தண்ணீர்ப் போத்தல்.

ஏழு பேர் மட்டும் என்றால், ஐந்து பேர் வட்டமாக நின்று நடுவில் இருவர் பந்தைப் பறிக்க முயலும் ஆட்டத்தில் தொடங்கி, நாலுக்கு மூன்றில் முடிக்கலாம். ஏழு சின்ன எண் என்று பயிற்சியை நிறுத்திவிடக் கூடாது. முழு ஆட்டத்திலேயே ஓர் அணி களமிறங்க விதி கேட்கும் ஆகக் குறைந்த எண்ணிக்கை ஏழுதான்.

குறைகிற இடத்தைப் பயிற்றுநரே நிரப்புவதும் உண்டு. பத்து வயதுக்குட்பட்டோருடன் ஐந்து நிமிடம் ஆடினால் குதூகலம். அதற்கு மேல் ஆடினால் யார் எங்கே தடுமாறுகிறார் என்று பார்க்க ஆளில்லை. ஆகவே இது கடைசித் தெரிவு.

எதையும் தெரிவு செய்யமுடியாமல் திகைக்கும் பயிற்றுநர் சமமில்லாத அணிகளையே எடுக்கட்டும், சின்னவர்கள் பக்கம் ஆள் கூடட்டும். பஸ் பிந்தி நாலரைக்கு வந்து சேரும் பிள்ளையை அடுத்த சுற்றுவரை காக்கவைக்காமல், ஆள் குறைந்த அணியில் அந்த நிமிடமே இறக்கிவிடுங்கள்.