மண்ணியல் படிக்க ஒரு எக்ஸெல் ஷீட்

"கம்ப்யூட்டர் வாங்கியாச்சு. பாட்டு, படம் தவிர இதில் வேறு என்ன செய்யலாம்?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். வீட்டில் இருந்தபடியே ஒரு பாடம் படிக்கலாம் என்பது என் பதில். எஞ்சினீயரிங் முடித்து சாஃப்ட்வேர் வேலைக்கு வந்த பிறகு, எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் நான் படித்தது மண்ணியல்.

மத்திய அரசு 2017-ல் தொடங்கிய ஸ்வயம் தளத்தில் என்பிடெல் பாடங்கள் உள்ளன. அவற்றில் காரக்பூர் ஐஐடி வழங்கிய 12 வார மண்ணியல் பாடமும் ஒன்று. வீடியோ பார்க்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் பணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். ஆங்கிலம் சிரமம் என்றால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளத்தைத் தமிழிலேயே படிக்கலாம்.

வீட்டில் இருந்து படிப்பதில் ஒரு குறை, லேப் கிடையாது. மண் நயம் என்ற பாடம் வந்தபோது அது உறைத்தது. மண்ணில் மணல், வண்டல், களி என்று மூன்று அளவுத் துகள்கள். 2 மில்லிமீட்டர் முதல் 0.05 வரை மணல், அதற்குக் கீழே 0.002 வரை வண்டல், அதற்கும் கீழே களி. எது எவ்வளவு சதவீதம் என்பதுதான் மண் நயம். கண்ணாடி பாட்டிலும் எக்ஸெல்லும் இருந்தால் இதை வீட்டிலேயே உத்தேசமாகக் கண்டுபிடிக்கலாம்.

நேரான பக்கங்கள் உள்ள உயரமான பாட்டிலில் கால் பங்கு மண் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். பெரிய துகள் முதலில் இறங்கும். ஒவ்வொரு படிவும் எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேலால் அளக்க வேண்டும்.

எப்போது அளப்பது? ஸ்டோக்ஸ் விதிப்படி துகளின் விட்டம் பாதியானால் இறங்கும் நேரம் நான்கு மடங்காகும். 20 டிகிரி தண்ணீரில் 0.05 மி.மீ. துகள் 10 சென்டிமீட்டர் இறங்க சுமார் 45 விநாடி. 0.002 என்பது அதைவிட 25 மடங்கு சிறியது. ஆகவே நேரம் 25 பெருக்கல் 25, அதாவது 625 மடங்கு. எக்ஸெல்லில் ஏதாவது ஒரு செல்லில் =45*625/3600 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். 7.8125 என்று வரும். கிட்டத்தட்ட 8 மணி நேரம்! இரண்டு மணி நேரத்தில் வண்டல் கோடு போடச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம். நம் ஊர் 30 டிகிரி தண்ணீரிலும் 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும். களி முழுவதும் படிய ஒரு நாள், இரண்டு நாள் கூட ஆகலாம்.

இனி ஷீட். ஏ2, ஏ3, ஏ4 செல்களில் மணல், வண்டல், களி என்று எழுதி, பி காலத்தில் அளவுகளைக் கொடுங்கள். பி5-ல் ஆட்டோசம் பட்டனை அழுத்தினால் மொத்தம் வரும். சி2-ல் சமக்குறி போட்டு பி2-வைக் கிளிக் செய்து, வகுத்தல் கோடு போட்டு, பி5-ஐக் கிளிக் செய்து, உடனே எஃப்4 கீயை ஒரு முறை தட்டுங்கள். இரண்டு டாலர் குறிகள் விழும். பிறகு என்டர். இப்போது சி2-வின் மூலையைப் பிடித்து சி4 வரை கீழே இழுக்கலாம். டாலர் குறி இல்லாமல் இழுத்தால் மொத்தம் இருக்கும் செல்லும் கூடவே நகர்ந்து, வெற்று செல்லால் வகுத்து, பிழைச் செய்தி வரும். நான் முதலில் இப்படித்தான் விழித்தேன். கடைசியாக சி2 முதல் சி4 வரை செலக்ட் செய்து சதவீதக் குறி பட்டனை அழுத்துங்கள்.

என் முதல் சோதனை எங்கள் ஊர் ஏரி ஓர நிலத்து மண்ணில். இரண்டு ஏக்கர் குத்தகைக்கு வந்தது, கடலை போடலாமா என்று வீட்டில் யோசனை. மணல் 48, வண்டல் 18, களி 14 மில்லிமீட்டர். ஷீட் 60, 22.5, 17.5 சதவீதம் என்றது. மணற்சாரி மண், கடலைக்கு அருமை என்று அப்பாவிடம் காட்டினேன். அவர் ஈர மண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ரிப்பன் மாதிரி தள்ளினார். விரல் நீளத்துக்கு வந்தும் அறுந்து விழவில்லை. "இதுவாடா மணல்? காய் பிடுங்கினா பாதி உள்ளேயே நின்னுடும்" என்றார். ஆனாலும் கம்ப்யூட்டர் சொல்கிறதே என்று அவருக்கும் ஒரு தயக்கம். விதைக்கு முன்பணம் கொடுக்கவே கிளம்பிவிட்டார். இரண்டு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு வீடியோவை மறுபடி ஓட்டினேன்.

ஃபார்முலா சரிதான். தவறு பாட்டிலில். களித்துகள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டியாக இருக்கும். பிரிக்காவிட்டால் அந்தக் கட்டிகள் மணலோடு சேர்ந்து முதல் நிமிடத்திலேயே இறங்கிவிடும். லேபில் இதற்காகவே சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் சேர்க்கிறார்கள். வீட்டில் ஒரு ஸ்பூன் சோப்புத் தூள் ஓரளவு அந்த வேலையைச் செய்யும். மண்ணை உலர்த்திப் பொடித்து, சோப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊற வைத்து, பத்து நிமிடம் நன்றாகக் குலுக்கினேன். இந்த முறை 26, 16, 44. பி காலத்தில் எண்களை மாற்றியதும் சதவீதம் தானாகவே மாறியது. களி மட்டும் 51! அமெரிக்க வேளாண் துறையின் மண் நய முக்கோணத்தில் 12 வகைகள் உண்டு. அதில் இது சந்தேகமில்லாமல் களிமண். படிந்த களி தண்ணீரோடு கொஞ்சம் உப்பி நிற்கும் என்பதால் உண்மையில் சற்றுக் குறைவாக இருக்கலாம். அப்படியே இருந்தாலும் கடலைக்கான மண் அல்ல.

முன்பணம் தப்பியது. அந்த நிலத்தில் நெல் போட்டோம்.

பாட்டில் சோதனை தழை, மணி, சாம்பல் சத்து பற்றி எதுவும் சொல்லாது. அதற்கு அரை கிலோ மண்ணை மண் பரிசோதனை நிலையத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். ஷீட்டை சேவ் செய்யும்போது ஃபைல் பெயரில் நிலத்தின் பெயரையும் தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் பழைய தவறான ஷீட்டை நான் இன்னும் அழிக்கவில்லை.