பிளாஸ்டிக்கை ஸ்பிரிங்காக நம்பாதீர்கள்

வீட்டு 3டி பிரிண்டரில் மடக்குக் கத்தி செய்ய உட்காருகிறவர்கள் கைப்பிடியின் வளைவில் தொடங்கி, விரல் பதியும் பள்ளம், மேலே பெயர் என்று அழகு பார்த்துவிட்டு, பூட்டைக் கடைசியில் எங்காவது செருகுகிறார்கள். வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதுதான் என் வாதம். அலகைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அதைக் கடையில் வாங்குகிறோம். மும்பை நாக்தேவி தெருவில் கிடைக்கும் சரிவகப் பிளேடு ஏறக்குறைய 60 மில்லிமீட்டர் நீளம், 19 மில்லிமீட்டர் அகலம். ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் பிளேடும் இருக்கிறது; 1956இல் ஒசாகாவில் யோஷியோ ஒகாடா உருவாக்கிய வகை, பின்னாளில் ஓல்ஃபா என்ற பெயரில் உலகெங்கும் போனது. எதை வாங்கினாலும் வெர்னியரில் அளந்து பொருத்திவிடலாம். ஆனால் விரித்த கத்தி விரித்தபடியே நிற்குமா, அட்டையில் சிக்கிய பிளேடைப் பிடுங்கும்போது விரல்மேல் மடங்கிவிடுமா என்பதைத் தீர்மானிப்பது பூட்டு மட்டும்தான்.

பகிரப்படும் வடிவமைப்புகளில் நிறைய லைனர் லாக்கை அப்படியே நகலெடுத்தவை. கைப்பிடியின் உட்சுவரில் ஒரு நாக்கு; கத்தி விரிந்ததும் அது உள்ளே துள்ளி வந்து அலகின் வால்புறத்துக்கு முட்டுக் கொடுக்கும். எஃகில் இது அருமையான யோசனை. பிளாஸ்டிக்கில், விலை அதிகம் கொடுக்க வைக்கும் தவறு இதுதான். கத்தி மடங்கியிருக்கும்போது அந்த நாக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: அலகின் வாலால் ஓரமாகத் தள்ளப்பட்டு, வளைந்தபடியே இருக்கிறது. வீட்டுக் கத்தி தன் ஆயுளில் பெரும்பகுதியை மேசை டிராயரில் மடங்கியேதான் கழிக்கிறது. எஃகு எத்தனை மாதம் வளைந்திருந்தாலும், எல்லை மீறாதவரை பழைய நிலைக்குத் திரும்பும். வீட்டு பிரிண்டரில் வழக்கமாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் திரும்பாது. தொடர்ந்து அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல அந்த வளைவையே தன் வடிவமாக ஏற்றுக்கொள்ளும். வெப்பம் கூடினால் இன்னும் வேகமாக நடக்கும். பிஎல்ஏ இளகத் தொடங்குவது 60 டிகிரி செல்சியஸை ஒட்டி. வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டரின் டிக்கி அந்த எல்லையை நெருங்க மும்பையை அடுத்த டோம்பிவிலியின் மே மாதமே போதும். செய்து முடித்த அன்று 'டக்' என்று பூட்டிக்கொண்ட கத்தி, சில வாரம் கழித்து அரைகுறையாகப் பூட்டும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

இதற்கு வரும் பதில்கள் எனக்குத் தெரியும். பிஇடிஜி போடு, நைலான் போடு என்பார்கள். பிஇடிஜி 80 டிகிரி வரை தாங்கும், நைலான் உடையாமல் வளையும், எல்லாம் சரி. இரண்டுமே தொடர் அழுத்தத்தில் தளர்கிறவைதான். கெடு தள்ளிப்போகும், பிரச்சினை போகாது. நைலான் போதாக்குறைக்கு நம் ஜூலை மாதக் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி இன்னும் இளகும். அடுத்து, உள்நிரப்பை (இன்ஃபில்) நூறு சதவீதம் வை, நாக்கைத் தடிமனாக்கு என்ற ஆலோசனை. இது நேர் எதிர்த் திசையில் கொண்டுபோகும். ஒரே அளவு வளைவுக்குத் தடித்த பட்டையின் மேற்பரப்பு மெல்லிய பட்டையைவிட அதிகம் இழுபடுகிறது. தடிமன் இரட்டித்தால் அந்த இழுவையும் இரட்டிக்கிறது. மெலிதாக்கினால் பளு தாங்காது. பிளாஸ்டிக் நாக்குக்கு நடுவழி கிடையாது. எஃகுப் பட்டை ஒன்றை உள்ளே பதிக்கலாம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கடின எஃகைத் தேய்த்து வடிவாக்கும் சத்தத்தையும் பொறியையும் நம் ஒற்றை ஹால்-கிச்சன் வீட்டில் எங்கே வைப்பது?

கைப்பிடிக்கு ஸ்பிரிங் குணமே இல்லாமல் நல்ல மடக்குக் கத்தி செய்யலாம் என்பதற்கு ஒப்பினெல் சாட்சி. 1890இல் பிரான்சின் சவோய் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் வடித்த விவசாயிகளின் கத்தி அது. கைப்பிடி வெறும் மரம். 1955இல் சேர்த்த பூட்டு, கழுத்தைச் சுற்றித் திருகும் ஓர் எஃகு வளையம். மரத்தை யாரும் துள்ளச் சொல்லவில்லை. வீட்டில் அதைவிட எளிய வழி உண்டு. கைப்பிடியின் இரு சுவர்களையும் நடுவிலுள்ள பிளேடு தாங்கியையும் ஊடுருவி, விரித்த நிலையில் நேர்கோட்டில் வரும் ஒரு துளை. அதில் செருகும் எம்4 எஃகுப் பின். பளு வரும் நேரத்தில் மட்டும் துளையின் சுவர் அழுந்தும். மற்ற நேரத்தில் எதுவும் வளைந்து காத்திருக்காது. துளையை அச்சாணியிலிருந்து தள்ளி வையுங்கள். 5 மில்லிமீட்டரில் இருக்கும் முட்டு தாங்கும் விசையில் கால் பங்குதான் 20 மில்லிமீட்டரில் இருக்கும் பின்னுக்கு வரும். ஒரு கையால் விரிக்க முடியாதே என்பார்கள். பார்சல் பிரிக்கிறவருக்கு அந்த வித்தை தேவையில்லை. இடக்கைக்காரர்களுக்கோ, வலது கட்டைவிரலை நினைத்து வைத்த லைனர் லாக்கைவிட இந்தப் பின் எவ்வளவோ மேல்.

மற்றவை சில வரிகளில் அடங்கும். கைப்பிடிப் பாதிகளைப் படுக்கவைத்தே அச்சிடுங்கள். நிறுத்தி அச்சிட்டால் அடுக்குகளின் இணைப்பில் பிளக்கும். துளைகள் வரைந்ததைவிடச் சிறிதாகவே வரும், 0.2 மில்லிமீட்டர் கூட்டுங்கள். அச்சாணிக்கு ஸ்க்ரூவும் நைலாக் நட்டும் போடுங்கள். வரைவதற்கு ஓப்பன்ஸ்கேடோ ஃப்ரீகேடோ, இரண்டும் இலவசம், இரண்டும் போதும்.

கடையில் மலிவாகக் கிடைப்பதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பவர்களுக்கு: உங்கள் கைக்கு அளவெடுத்த பிடியும், உடைந்தால் உடைந்த பாகத்தை மட்டும் மாற்றும் வசதியும் அந்த மலிவு விலையில் வருவதில்லை. ஆனால் அழுத்தி வெட்டும் வேலைக்கு இதை எடுக்காதீர்கள். தாராவியில் தோல் வெட்டுகிறவர்களின் கத்தி மடங்காத கத்தி, அதற்குக் காரணம் இருக்கிறது. இன்னொன்று, சட்டம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் உரிமம் கேட்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளுக்கு. வீட்டு உபயோகத்துக்கும் தொழிலுக்கும் செய்தவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. நம் பிளேடு அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. என்றாலும் மகாராஷ்டிர போலீஸ் சட்டத்தின் 37ஆம் பிரிவில் தடை உத்தரவு அமலில் இருக்கும் நாட்களில் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதே குற்றமாகலாம், டோம்பிவிலி வரும் தானே கமிஷனரேட்டிலும் அப்படித்தான். லோக்கல் ரயில் ஏறும்போது பையில் இதைப் போடாதீர்கள். பின்னைச் செருகியோ கழற்றியோ, வீட்டு டிராயரிலேயே இருக்கட்டும்.