துணைக்கோள் ரிசீவரின் லித்தியம் மின்கலத்தை மாற்றுமாறு

செயற்கைத் துணைக்கோள் வழியாக வரும் ஒளிபரப்பை வாங்கித் தொலைக்காட்சிக்கு அளிக்கும் ரிசீவர்களுட் பலவற்றின் உள்ளே, காசளவினதாகிய லித்தியம் மின்கலம் ஒன்று உண்டு. அக்கருவியை ஆண்டுக்கணக்காக வைத்திருப்போருள்ளும் அதனைக் கண்டார் சிலரே. சுவரிலிருந்து வரும் மின்சாரம் நின்ற காலத்தும் கருவியின் நினைவகம் தான் அறிந்தவற்றை மறவாதிருத்தற் பொருட்டு வைக்கப்பட்டது இஃது. லித்தியக் கலம் பல்லாண்டு உழைக்கும்; ஆயினும் என்றும் உழையாது.

அது தவறுவதால் வருங் கேடு எத்தகையது என்பதற்கு அமெரிக்க நாட்டுச் செய்தி ஒன்று போதும். அங்கே 1980-களில் பத்தடி அகலமுள்ள கிண்ண ஆன்டெனாக்களை வீட்டுத் தோட்டத்தில் நாட்டிப் பலர் துணைக்கோள் ஒளிபரப்பை விலையின்றிக் கண்டுவந்தனர். 1986 ஜனவரி 15-ஆம் நாள் முதல் எச்.பி.ஓ. நிறுவனத்தார் தம் ஒளிபரப்பை முழுநேரமும் மறைத்து அனுப்பத் தலைப்பட்டனர். அம்மறைவை நீக்க வீடியோசைபர் 2 என்னும் உறுப்பு வேண்டியதாயிற்று. மறைவை நீக்கும் திறவு எண்கள், மின்னோட்டம் அற்றவுடன் அழியும் இயல்பினதாகிய நினைவகத்தில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைக் காத்தது அவ்வுறுப்பிலிருந்த லித்தியம் மின்கலமே. இமைப்பொழுது அது தவறினும் எண்கள் மறையும். கருவியை உடையவர் தாமே அவற்றை மீண்டும் எழுதிக்கொள்ள வழியில்லை.

அம்முறை இன்று வழக்கொழிந்தது. ஆயினும் பெருங்கிண்ணங்களை விருப்பத்தோடு பேணுவார் இன்னும் உளர். அவர்தம் பழைய ரிசீவர்கள் பலவற்றில், எந்தத் துணைக்கோளுக்குக் கிண்ணம் எவ்வளவு திரும்பவேண்டும் என்னும் கணக்கு மின்கலத்தின் காவலில் உள்ளது. அஃதழியின் ஒவ்வொரு கோளையும் வானத்தில் மீண்டும் தேடிப் பிடித்தல் வேண்டும். ஆதலின் பழைய கலத்தைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்தல் என்னும் எளிய முறை ஈண்டுச் செல்லாது. அரசன் அரியணை விட்டிறங்குமுன் இளவரசன் முடிசூடல் வேண்டும்.

முதற்கண் கலத்தின் இனம் அறிக. அதன் முகத்தில் சி.ஆர். 2032 என்றிருப்பின், சி என்பது மாங்கனீசு டையாக்சைடு சேர்ந்த லித்தியக் கலம் என்பதையும், ஆர் என்பது வட்ட வடிவினையும் குறிக்கும். 20 என்பது மில்லிமீட்டரில் விட்டம். 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிப்பு. இஃது 3 வோல்ட் உடையது. ஒருமுறை உழைத்துத் தீர்வது. எம்.எல்., வி.எல்., எல்.ஐ.ஆர். என்னும் எழுத்துக்கள் உடையனவோ மின்னூட்டம் பெற்று மீண்டும் மீண்டும் உழைப்பன. இவ்விரண்டும் ஒரே அளவில் கிடைத்தலாற்றான் பலர் மயங்குகின்றனர். மின்னூட்டும் சுற்றில் சி.ஆர். கலத்தை வைத்தால் அது வீங்கும், கசியும், வெடிக்கவுங் கூடும். எல்.ஐ.ஆர். கலம் நிறைந்தபோது 4.2 வோல்ட் காட்டுமாதலின் அதனைச் சி.ஆர். இருந்த இடத்தில் வைத்தலும் தவறே. பழையது 3.6 வோல்ட் ஆயின் புதியதும் அவ்வினமே ஆகுக.

வோல்ட் அளவைக் கொண்டு மட்டும் கலத்தின் ஆயுளைக் கணிக்க முற்படுவோர் ஏமாறுவர். சி.ஆர். இனம் தன் வாழ்நாளின் பெரும்பகுதியும் ஏறக்குறைய 3 வோல்ட்டிலேயே நின்று, முடிவில் விரைந்து வீழும். பழைமையையே அளவாகக் கொள்ளுதல் நன்று.

மூடியைத் திறக்குமுன் மின்செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுக. நினைவகத்துக்கு வீட்டு மின்சாரமே துணையாகட்டும் என்று கருவியை ஓடவிட்டபடியே கலம் மாற்றுவாரும் உளர். நினைவகத்துக்கு அது நன்று. மாற்றுவோர் உயிருக்கு அன்று. செருகியைப் பிடுங்கிய பின்னும் மின்வழங்கிப் பகுதியிலுள்ள பெரிய மின்தேக்கிகளில் ஊட்டம் சிறிதுநேரம் தங்கும். அமெரிக்காவின் 120 வோல்ட் வழங்கலில் அஃது 170 வோல்ட் வரை இருக்கலாம். 230 வோல்ட் வழங்கும் நாடுகளில் 325 வரை ஏறும். சில நிமிடம் காத்திருந்து, அப்பகுதியைத் தொடாமலே வேலை செய்க.

இனித் துணைக்கலம் ஒன்றைக் கொள்க. அதன் நேர்முனையில் 1000 ஓம் மின்தடை ஒன்றைக் கோத்து, பழைய கலத்தின் கால்கள் பலகையில் ஊன்றிய இடங்களில், நேருக்கு நேரும் எதிருக்கு எதிருமாக இணைத்துவிடுக. நினைவகம் இழுக்கும் மின்னோட்டம் மைக்ரோ ஆம்பியர்க் கணக்கினதாகலின் அத்தடை அதற்கு இடையூறாகாது. ஆனால் புதுக்கலம் பழங்கலத்துள் மிகுதியாகப் பாயாதபடி அது தடுக்கும். இதன் பின்னரே பழையதைக் கழற்றுக. புதியது அமர்ந்த பின்னரே துணைக்கலத்தை நீக்குக.

கழற்றவும் அமர்த்தவும் பற்றிரும்பு வேண்டும். உலோகங்களை ஒட்ட இடையே வைப்பதைக் குறிக்கும் ‘பற்றாசு’ என்பது பொற்கொல்லர் வழக்கு. யாப்பு நூலாரும் குறளையும் தனிச்சொல்லையும் இணைக்க இடையே வரும் அசையை ஆசு என்பர். வெண்பாவில் ஆசு பிழைத்தால் ஓசை கெடும். ஈண்டுப் பிழைத்தால் கண் கெடும். லித்தியம் ஏறத்தாழ 180 பாகை செல்சியஸில் உருகும். பற்றிரும்பின் நுனியோ 300 பாகைக்கு மேற்பட்டது. ஆகவே கலத்தின் உடலில் நேரே பற்றவைத்தல் எக்காலும் கூடாது. தகட்டுக்கால்களை ஆலையிலேயே ஒட்டி விற்கும் கலங்கள் கிடைக்கின்றன. அவற்றை வாங்கிக் கால்நுனியில் மட்டும் பற்றவைக்க. இரும்பு சூடேறியவுடன் அதன் செருகியையும் பிடுங்கிவிட்டுத் தொடுதல் நலம். அதிலிருந்து கசியும் மின்னோட்டமும் நினைவகத்தைக் குலைக்கக்கூடும்.

கழற்றிய கலத்தின் இருபுறத்தும் ஒட்டுநாடா சுற்றி, மின்கலம் சேர்க்குமிடத்தில் ஒப்படைக்க. நெருப்பிலிடுதலும் துளைத்தலும் வேண்டா. உழைத்து ஓய்ந்த கலமாயினும் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால், எச்சிலின் ஈரத்தில் மின்னோட்டம் பாய்ந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொடும் புண்ணை உண்டாக்கும். விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே, வலி தோன்றட்டும் என்று பாராமல், குழந்தையை உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க.